கிருமி இருக்கிறது, சரி. ஈறில் ஆழம் எவ்வளவு?

கேள்வி: எனக்கு 41 வயது. சில மாதங்களாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. பல் டாக்டர் ஈறுக்குள்ளிருந்து பிளேக் எடுத்துப் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினார். 'போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்: அதிகம்; டானெரெல்லா ஃபோர்சிதியா: மிதம்; ஆக்டினோமைசிடெம்கொமிடன்ஸ்: இல்லை' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதற்குப் பத்து நாள் முன்புதான் தொண்டைப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்தேன். இந்தக் கிருமிகளைக் கொல்ல ஒரு வாரம் மாத்திரை போட்டால் போதுமா? என் மனைவிக்கும் இந்தப் பரிசோதனை தேவையா?

பதில்: மாத்திரை மட்டும் போதாது. ஸ்கேலிங் (கருவியால் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) இல்லாமல் மாத்திரையை மட்டும் விழுங்கினால் ரத்தக்கசிவு சில வாரம் அடங்கியதுபோல் இருக்கும், பிறகு திரும்பிவிடும். பிளேக் என்பது தனித்தனியாக மிதக்கும் கிருமிகள் அல்ல. பிசின் போன்ற பொருளுக்குள் அடுக்கடுக்காக ஒட்டி வாழும் கூட்டம் அது. ஒரு மில்லிகிராம் பிளேக்கில் பத்துக் கோடிக்கும் மேல் பாக்டீரியா இருக்கும். ரத்தத்தில் கலந்து வரும் மருந்து அந்தப் பிசினைத் தாண்டி உள்ளே போய் வேலை செய்வது கடினம். முதலில் கருவியால் சுரண்டி அந்தக் கூட்டத்தைக் கலைக்க வேண்டும்.

உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள முதல் இரண்டு பெயர்களோடு ட்ரெபோனீமா டென்டிகோலா என்பதையும் சேர்த்து 'சிவப்புக் கூட்டம்' என்பார்கள். பல் ஆய்வாளர் சாக்ரன்ஸ்கியின் குழுவினர் 1998-இல் பிளேக் கிருமிகளை நிறம் கொடுத்துப் பிரித்தபோது, ஆழமான ஈறுப்பைகளில் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உண்டாகும் பள்ளங்களில்) சேர்ந்தே காணப்பட்ட இந்த மூன்றுக்கும் சிவப்பைக் கொடுத்தார்கள். இவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செழிப்பவை. ஜிஞ்சிவாலிஸுக்கு இரும்புச்சத்து கிடைப்பது ரத்தத்தில் உள்ள ஹீமின் என்ற இரும்புள்ள பொருளிலிருந்துதான். ஆக, ஈறு வீங்கி ரத்தம் கசியக் கசிய அதற்குத் தீனி கூடுகிறது. பை ஆழமாவதால் கிருமி பெருகுகிறது, கிருமி பெருகுவதால் பை ஆழமாகிறது. இதே கிருமிகள் நோயே இல்லாத சிலர் வாயிலும் குறைந்த அளவில் இருப்பதுண்டு. அதனால் ரிப்போர்ட்டில் பெயர் வந்துவிட்டதாலேயே பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது என்று முடிவுகட்ட முடியாது.

அடுத்து, உங்கள் ரிப்போர்ட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஆன்டிபயாடிக் முடித்துப் பத்தே நாளில் எடுத்த மாதிரி அது. மருந்து சில கிருமிகளைக் குறைத்திருக்கும், சிலவற்றை விட்டிருக்கும். பிசிஆர் தேடுவது டிஎன்ஏவை. செத்த கிருமியின் டிஎன்ஏவும் அதில் கணக்காகிவிடும். எனவே 'அதிகம்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், 'இல்லை' என்பதையும் நம்பி நிம்மதியடைய வேண்டாம். ஆன்டிபயாடிக் எடுத்து மூன்று மாதமாவது ஆகாதவர்களிடம் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே சரி.

மாதிரி எடுக்கும் விதத்திலேயே பாதி தவறுகள் நடக்கின்றன. பல்லைச் சுற்றிப் பஞ்சு உருளை வைத்து எச்சில் படாமல் காய வைக்க வேண்டும். ஈறு விளிம்புக்கு மேலே தெரியும் பிளேக்கை முதலில் துடைத்துவிட வேண்டும். அதில் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஆக்டினோமைசிஸ் வகைகளே இருக்கும், நாம் தேடுபவை அடியில் இருக்கும். பிறகு வேர் சிகிச்சைக்குப் பயன்படும் கிருமிநீக்கிய பேப்பர் பாயின்ட்டை (கூர்மையான சிறு காகிதக் குச்சியை) மிக ஆழமான பையில் அடிமுட்டும் வரை செலுத்தி, 10 முதல் 20 விநாடி வைத்திருந்து, தொடாமல் குழாயில் போட வேண்டும். ரத்தத்தில் நனைந்துவிட்டால் ஹீமோகுளோபின் பிசிஆர் வினையையே தடுக்கும். வேறு இடத்தில் புதிதாக எடுக்க வேண்டியதுதான். ஸ்கேலிங் முடித்த அன்றே எடுத்த மாதிரியால் பயன் இல்லை. பல இடங்களில் எடுத்த பாயின்ட்டுகளையும் ஒரே குழாயில் போட்டு அனுப்பினால் செலவு குறையும், ஆனால் எந்தப் பல்லில் பிரச்சினை என்பது தெரியாமல் போகும். உங்களுடையது எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள்.

கிளினிக்கிலேயே செய்யும் 'பானா' சோதனை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அட்டையின் கீழ்ப்பட்டையில் பிளேக்கைத் தடவி, சாயம் உள்ள மேல்பட்டையைக் காய்ச்சி வடித்த நீரால் நனைத்து, மடித்து 55 டிகிரி செல்சியஸில் ஐந்து நிமிடம் வைப்பார்கள். சிவப்புக் கூட்டத்தின் நொதி இருந்தால் நீலம் தோன்றும். மூன்றில் எது என்று அது சொல்லாது. ஆக்டினோமைசிடெம்கொமிடன்ஸில் அந்த நொதி இல்லாததால் அது இருந்தாலும் நீலம் வராது. பிளேக் எங்கே படிந்திருக்கிறது என்று காட்டும் சாய மாத்திரை முற்றிலும் வேறு. அதற்கும் கிருமி வகைக்கும் சம்பந்தமில்லை.

உங்களுக்கு இப்போது தேவையான எண் மில்லிமீட்டரில் இருக்கிறது. மெல்லிய அளவுகோலை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். 1 முதல் 3 மி.மீ. இயல்பு. 4, 5 என்றால் சிகிச்சை வேண்டும். 6-ம் அதற்கு மேலும் கவலைக்குரியவை. கூடவே எக்ஸ்-ரேயில் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஈறு நோயின் நிலையை வகுக்க உலகெங்கும் பின்பற்றப்படும் 2018 வகைப்பாட்டில் எலும்பு இழப்பு, புகைப்பழக்கம், சர்க்கரை நோய் எல்லாம் வருகின்றன. அன்றாடக் கிருமிப் பரிசோதனை அதில் இல்லை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஏனென்றால் பெரும்பாலோருக்கு ரிப்போர்ட் எப்படி வந்தாலும் முதல் சிகிச்சை மாறப்போவதில்லை.

அந்தச் சிகிச்சை, ஸ்கேலிங்கும் வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வதும்தான். ஆழமான இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டே செய்ய வேண்டும், இல்லையென்றால் அடிவரை கருவி போகாது. வீக்கம் வற்றும்போது பல் நீளமானதுபோல் தெரியும், சில வாரம் கூச்சம் இருக்கும். பல்லை ஆட்டிவிட்டார்கள் என்று இதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து அதே ஆறு இடங்களிலும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் உங்கள் பங்கு பெரியது. 1965-இல் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழுவினர் ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னபோது, 10 முதல் 21 நாளில் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. பிரஷ்ஷை ஈறு விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து, மெதுவாக அதிரவிடுங்கள். பல் இடுக்குக்கு இடுக்கு பிரஷ்தான் சிறந்தது. உரசிக்கொண்டு உள்ளே போகும் அளவில் வாங்குங்கள்; தளர்வாகப் போனால் எதுவும் சுத்தமாகாது, கம்பி பல்லில் உரசினால் சிறிய அளவுக்கு மாறுங்கள். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு பைக்குள் இறங்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

கிருமிப் பரிசோதனைக்கு இடமே இல்லையா? உண்டு. முப்பது வயதுக்குள் முன்பற்களிலும் முதல் கடைவாய்ப் பற்களிலும் எலும்பு வேகமாகக் கரைந்தால், ஆக்டினோமைசிடெம்கொமிடன்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பது உதவும். முறையாகச் சுத்தம் செய்தும், வீட்டில் ஒழுங்காகத் துலக்கியும் பை குறையவில்லை என்றாலும் பரிசோதிக்கலாம். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அறியக் கல்ச்சர் (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) வேண்டும். கிருமி உயிரோடு ஆய்வகம் போய்ச் சேர வேண்டியிருப்பதால் காற்றுப் புகாத ஊடகத்தில், தாமதமில்லாமல் அனுப்ப வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுப்பதாக இருந்தால் சுத்தம் செய்யும் சிகிச்சையோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் மது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உங்கள் மனைவிக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம். தம்பதியரிடையே இந்தக் கிருமிகள் பரவுவது உண்மைதான், ஆனால் கிருமி வந்தவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அவருக்கும் ஒருமுறை ஈறு ஆழத்தை அளந்து பார்த்தால் போதும். நீங்கள் சர்க்கரை பரிசோதித்து ஓராண்டு ஆகியிருந்தால் எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) பாருங்கள். புகைப்பவராக இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், புகை ரத்தக்கசிவைக் குறைத்துக் காட்டி ஆழமான நோயை மறைத்துவிடும். ஈறு ரத்தத்தோடு காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள், காய்ச்சல், கடும் சோர்வு இருந்தால் பல் கிளினிக்குக்காகக் காத்திருக்காமல் அன்றே பொது மருத்துவரிடம் போய் ரத்த அணுக்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.