ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவருக்கு: ஆவணப்படம் பிறகு, முதலில் அந்தக் கடிதம்

தம்பி, இந்த இலையுதிர் காலத்தில் பொதுத் தொலைக்காட்சியில் என்ன புது ஆவணப்படங்கள் வருகின்றன, பார்க்க டிவி வாங்க வேண்டுமா, கொலோனிலிருந்து வந்த கட்டணக் கடிதத்தை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைத்தான் முதலில் பேச வேண்டும்.

நகராட்சியில் முகவரி பதிந்தால் அந்தத் தகவல் பொதுத் தொலைக்காட்சி, வானொலிக் கட்டணத்தை வசூலிக்கும் கொலோன் அலுவலகமான பைட்ராக்ஸ்செர்விஸுக்குப் போகும். கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. டிவி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. "டிவி இல்லையென்று எழுதிப் போடு, விட்டுவிடுவார்கள்" என்று வாட்ஸப் குழுக்களில் அடித்துச் சொல்லும் அண்ணன்மார் உண்டு. அது 2012 வரைக்குமான கதை. அப்போது கருவியை வைத்துத்தான் கட்டணம்: கடைசி ஆண்டுகளில் ரேடியோ மட்டும் என்றால் 5.76, டிவியும் இருந்தால் 17.98. ஆள் வந்து மணியடித்து விசாரிப்பார். கதவைத் திறக்காமல் இருந்தே காலம் தள்ளியவர்கள் அந்தத் தலைமுறை. 2013இல் எல்லாம் மாறிவிட்டது. இதை அறியாமல் புதிதாக வருகிற பிள்ளைகளைக் கடனில் மாட்டிவிடுகிறார்கள், அதுதான் என் கோபம். கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் பைட்ராக்ஸ்செர்விஸே உங்களைப் பதிந்து, குடிவந்த மாதத்திலிருந்து கணக்குப் போடும். கட்டாவிட்டால் தாமதக் கட்டணம் குறைந்தது 8 யூரோ. பிறகு ஜப்தி வரை போகும்.

ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்ற மூவரும் அவருடைய ஒன்பது இலக்கக் கட்டண எண்ணை இணையப் படிவத்தில் கொடுத்து விலக வேண்டும்; வாயால் பேசிக்கொண்டால் போதாது. மாணவர் விடுதியில் கவனம்: யாரும் நடமாடும் பொது நடைவழியில் உங்கள் அறைக் கதவு திறந்தால் அந்த அறையே தனி வீடு. பாஃபெக் என்ற அரசுப் படிப்புதவி வாங்கும் மாணவர்களுக்கு விலக்கு உண்டு, அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஊரிலிருந்து பணம் வரவழைத்துப் படிப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. நாட்டை விட்டுப் போகும்போது நகராட்சியில் பெயர் நீக்கினால் மட்டும் போதாது, அந்தச் சான்றை வைத்து பைட்ராக்ஸ்செர்விஸுக்கும் தனியாக எழுத வேண்டும்.

டிவி வாங்க வேண்டாம். ஏஆர்டி, இசட்டிஎஃப், ஆர்டே என்ற மூன்று பொது ஒளிபரப்புகளின் மீடியாதெக்கும், அதாவது இணையப் படக் களஞ்சியமும், கணக்குத் திறக்காமலே ஃபோனில் ஓடும். புது வரவு வாராவாரம் மாறும், "டோக்கு" என்ற ஆவணப்படப் பகுதியைத் திறந்தால் தெரியும். ஞாயிறு இரவு 7.30க்கு இசட்டிஎஃப்பில் டெர்ரா எக்ஸ் என்ற ஆவணப்படத் தொடர்; இயற்கை, வரலாறு இரண்டும் வரும். பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து நடத்தும் ஆர்டே 1992இலிருந்து இருக்கிறது; அதன் தளத்தில் ஆங்கில வசன வரியோடும் சில படங்கள் கிடைக்கும். இவ்வளவு இருந்தும் நம்மவர்களில் பலர் மாதாமாதம் இதற்குப் பணம் கட்டிவிட்டு, இணையம் வழி சானல்களைக் காட்டும் திருட்டு ஐபிடிவி பெட்டிக்கும் தனியாகக் கொடுத்துச் சீரியல் பார்க்கிறார்கள். எனக்கு அது மனசு பொறுக்காது.

ஜெர்மன் பழக "யூடி" (UT) என்ற வசன வரியைப் போட்டு, முதலில் விலங்குப் படங்களைப் பாருங்கள். ஒரே குரல், நிதானமான உச்சரிப்பு. அரசியல் விசாரணைப் படங்களில் ஆளுக்கொரு வட்டார வழக்கில் பேசுவார்கள், இப்போதைக்கு வேண்டாம். ஆரம்பநிலைக்கு அதைவிட நல்லது 1971இலிருந்து ஓடும் "டி செண்டுங் மிட் டேர் மௌஸ்". ஞாயிறு காலைச் சிறுவர் நிகழ்ச்சிதான், ஆனால் ஒரு பொருள் தொழிற்சாலையில் எப்படி உருவாகிறது என்று சின்னச் சின்ன வாக்கியத்தில் காட்டும்.

படத்தின் கீழே எந்தத் தேதி வரை இருக்கும் என்று போட்டிருக்கும்; அதற்குப் பிறகு எடுத்துவிடுவார்கள். ஊருக்குப் போனால் பல படங்கள் திறக்காது. மீடியாதெக்வியூ என்ற இலவச மென்பொருளில் இங்கிருந்தே இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்.