ஒயினோவாண்டாவின் டயோஜெனிஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒயினோவாண்டாவின் டயோஜெனிஸ் என்ற பெயர் ஒரே வரியில் வந்துபோனது. இணையத்தில் தேடினால் தாழியில் குடியிருந்த டயோஜெனிஸ்தான் வருகிறார். இருவரும் ஒருவரா? இவர் சுவரில் தத்துவம் எழுதி வைத்தவராமே. சுவர் கிடைத்துவிட்டதென்றால் கற்களை அடுக்கிப் படித்துவிட வேண்டியதுதானே? ஏன் இன்னும் துண்டு துண்டாகவே பேசுகிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

இருவரும் வேறு வேறு ஆட்கள். தாழியில் இருந்தவர் சினோப் ஊர்க்காரர், கி.மு. 4ஆம் நூற்றாண்டு, உடைமையே வேண்டாமென்றவர். நீங்கள் கேட்பவர் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்திய எபிகூரியர், அதாவது எபிகூரஸின் வழி நடந்தவர். வசதியானவராகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குள் ஒரு தூண் மண்டபத்தின் சுவர் நெடுக எழுத்து வெட்டுவித்திருக்க முடியாது. பண்டைய நூலாசிரியர் ஒருவர்கூட இவரைக் குறிப்பிடவில்லை. தத்துவவாதிகளின் வாழ்க்கைகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லேர்ஷியஸின் நூலிலும் இவர் இல்லை. அந்தச் சுவர் மட்டும் இல்லையென்றால் இப்படி ஒருவர் வாழ்ந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

ஒயினோவாண்டா இன்றைய தென்மேற்குத் துருக்கியில், பழைய லிசியா நாட்டில், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர். 1884இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முதல் கற்களைக் கண்டார்கள். 1895இல் ஆஸ்திரியர்களான ஹெபர்டையும் கலிங்காவும் மேலும் சேர்த்தார்கள். பிறகு எழுபது ஆண்டுக்கு மேல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1968இல் மார்ட்டின் ஃபெர்குசன் ஸ்மித் ஆய்வைத் தொடங்கினார். வாழ்நாள் உழைப்பு அது. பின்னாளில் யூர்கன் ஹாமர்ஷ்டெட் அவருடன் சேர்ந்துகொண்டார்.

வாழ்க்கை என்று நமக்குத் தெரிவது அவரே கல்லில் சொன்னதுதான். சுவரிலுள்ள இயற்பியல் நூலின் முன்னுரையில், வயதின் காரணமாகத் தான் வாழ்வின் அந்திக்கு வந்துவிட்டதாகவும், எந்த நேரமும் உலகை விட்டுப் போகலாம் என்பதால் அதற்குமுன் உதவி செய்ய விரும்புவதாகவும் சொல்கிறார். கொள்ளைநோய் வந்த ஊர்போல மக்கள் பொய்க் கருத்துகளால் பீடிக்கப்பட்டிருக்கிறார்கள், ஆட்டு மந்தையில் பரவுவதுபோல ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் கணிப்பு. ஒருவர் இருவர் என்றால் நேரில் போய்ப் பேசலாம். நோயாளிகள் இத்தனை பேர் என்பதால் சுவரைத் தேர்ந்தெடுத்தார். இனிப் பிறக்கப்போகிறவர்களும் நம்மவர்களே, ஊருக்கு வரும் அயலாருக்கும் இது பயன்பட வேண்டும் என்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இது.

குளிர்காலத்தை ரோட்ஸ் தீவில் கழித்திருக்கிறார். ஏதென்ஸ், கால்கிஸ், தீப்ஸ் பக்கம் நண்பர்கள். ஏதென்ஸில் இருந்த ஆன்டிபாட்டருக்கு எழுதிய கடிதம் எண்ணற்ற உலகங்கள் பற்றியது. உறவினருக்கும் நண்பருக்கும் எழுதிய இன்னொரு கடிதத்தில், தன் உடல்நிலை பிழைப்பதா இல்லையா என்று தீர்மானமாகும் கட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார். பிழைத்தால் அந்த வாழ்வை மகிழ்ச்சியாக ஏற்பாராம். மரணம் பயப்பட வேண்டிய விஷயமல்ல என்று சுவரெல்லாம் வெட்டியவர், தன் நோயையும் அதே சுவரில் வெட்டிவைத்தார்.

காலம் எழுத்தின் வடிவத்தை வைத்துக் கணிக்கப்பட்டது. அதே ஊரில் டெமாஸ்தெனிஸ் என்ற செல்வந்தர் விழா ஒன்றுக்கு அறக்கட்டளை வைத்த கல்வெட்டு இருக்கிறது. அதில் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 124இல் எழுதிய கடிதம் உள்ளது. இரண்டின் எழுத்தும் மிக நெருக்கமானவை என்பதால் ஸ்மித் இவரை ஹேட்ரியன் காலத்தில் வைக்கிறார். மாற்றுக் கருத்து உண்டு. எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. சுவர் கிடைக்கவில்லை, கற்கள்தான் கிடைத்தன. மண்டபத்தை இடித்துக் கற்களைப் பிற்காலக் கட்டடங்களிலும் மதிலிலும் செருகிவிட்டார்கள். மனிதர் எல்லோரும் அறிவு பெறும் காலத்தில் மதிலோ சட்டமோ தேவைப்படாது என்று எழுதிய கற்களுக்கு அந்த கதி. மூலத்தில் சுமார் 25,000 சொற்கள், 260 சதுர மீட்டர் பரப்பு, 80 மீட்டர் நீளம் என்பது மதிப்பீடு. கையில் இருப்பது ஏறக்குறைய 300 துண்டுகள். அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு.

எழுத்துள்ள முகம் மண்ணைப் பார்த்துக் கிடந்தால், புரட்டாமல் படிக்க முடியாது. படிக்க முடிகிற கல்லில் ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் அடித்துக் குழிகளுக்குள் இறக்குவார்கள். நம்மூர் கல்வெட்டுகளுக்கு எடுக்கும் மைப்படி போலத்தான், மை மட்டும் கிடையாது. காய்ந்து உரித்தால் பின்புறத்தில் எழுத்து இடவலம் மாறிப் புடைத்து நிற்கும். காயுமுன் உரித்தால் தாள் கிழிந்துவிடும். இப்போது முப்பரிமாண ஸ்கேனும் எடுக்கிறார்கள்.

இடம் கண்டுபிடிப்பதற்கு எழுத்தின் அளவு முதல் தடயம். சுவரில் பல நூல்கள் இருந்தன: அறவியல் நூல் கீழே, இயற்பியல் நூல் அதற்கு மேலே, இரண்டும் சிறிய எழுத்து. முதுமை பற்றிய நூல் உச்சி வரிசைகளில், அண்ணாந்து படிக்க வசதியாகப் பெரிய எழுத்து. அதனால் உடைந்த சில்லில் நாலே எழுத்து இருந்தாலும் அது எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் முதுமை நூலின் ஒரே பத்தி (மேலிருந்து கீழாக அடுக்கிய வரிகளின் தொகுதி) ஒன்றன்மேல் ஒன்றான பல கற்களில் ஓடுகிறது. நடுக்கல் தொலைந்தால் மேலும் கீழும் உள்ள வரிகள் பொருளற்றுத் தொங்கும்.

அறவியலுக்கு இன்னொரு உதவி உண்டு. அதன் பத்திகளுக்கு அடியில் எபிகூரஸின் வாசகங்கள் ஒரே வரியாகச் சுவர் நெடுக ஓடுகின்றன. அவற்றில் பல லேர்ஷியஸ் நூலில் முழுதாக இருக்கின்றன. ஆகவே ஒரு கல்லின் அடியில் ஒரு வாசகத்தின் தொடக்கமும் இன்னொரு கல்லில் அதன் முடிவும் இருந்தால், இடையில் எத்தனை எழுத்து விடுபட்டது, அது எவ்வளவு அகலம், எத்தனை பத்தி தொலைந்தது என்று கணக்குப் போடலாம். சிக்கல் என்னவென்றால் நம் டயோஜெனிஸ், லேர்ஷியஸ் நூலின் வரிசைப்படி போகவில்லை, அங்கே இல்லாத வாசகங்களையும் சேர்த்திருக்கிறார். வரிசையை நம்பிக் கல்லை வைத்தால் தவறான இடத்தில் உட்கார்ந்துவிடும். பத்தியின் உரையும் இணைந்தால்தான் அந்த இடம் உறுதி.

படிக்க விரும்பினால் இயற்பியலின் முன்னுரையில் தொடங்குங்கள். அடுத்து ஆன்டிபாட்டருக்கான கடிதம். பிறகு அறவியலில், இன்பமே சிறந்த வாழ்வின் இலக்கு என்று கிரேக்கருக்கும் கிரேக்கரல்லாதோருக்கும் உரக்கக் கத்திச் சொல்கிறேன் என்று அவர் அறிவிக்கும் பத்தி. பதிப்பில் பகர அடைப்புக்குறிக்குள் இருப்பது பதிப்பாசிரியர் நிரப்பிய ஊகம். மேற்கோள் காட்டும்போது அதை டயோஜெனிஸின் வாக்காக எடுத்துவிடாதீர்கள்.