படிக்கத் தடுமாறும் மாணவருக்கு மதிப்பீடு எதற்காக?

கேள்வி: உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள கிராமத்தைச் சேர்ந்த நான், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழ்வழியில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஆசிரியர் சொல்லிக் கேட்டால் பாடம் புரிகிறது. கணக்கும் நன்றாகப் போடுகிறேன். ஆனால் புத்தகத்தை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிறது. வினாத்தாளைப் படித்து முடிப்பதற்குள் தேர்வு நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்கிறார் இயற்பியல் ஆசிரியர். அப்பாவோ, "பிள்ளைக்குப் புத்தி சரியில்லை என்று நாமே போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?" என்கிறார். நான் எங்கே போக வேண்டும்? இந்த வயதில் போய்ப் பயன் உண்டா? நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதிய கடிதம் இது. என் தமிழ்க் கட்டுரை ஏட்டின் சில பக்கங்களை நகலெடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, முதலில் உங்கள் அப்பாவின் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவருடைய அச்சம் தீராமல் நீங்கள் பேருந்து ஏற முடியாது. கற்றல் குறைபாட்டை மதிப்பிடுவதற்கு மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட நெறிமுறை (2024-இல் அதற்குப் பதிலாகப் புதியது வந்துவிட்டது), முதலில் அறிவுத்திறனைச் சோதித்து, அந்த அறிவுத்திறன் எண் (IQ) 85-க்கு மேல் இருந்தால்தான் படிப்பதிலும் எழுதுவதிலும் உள்ள குறைபாட்டுக்கான சோதனைக்குப் போக வேண்டும் என்றது. அதாவது, புத்தி சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே இந்தச் சான்றிதழ் கிடைக்கும். அப்பா அஞ்சுவதற்கு நேர் எதிரான செய்தி அதில் இருக்கிறது என்பதை இந்தப் பக்கத்தைக் காட்டியே அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஏட்டை நிதானமாகப் பார்த்தேன். 'வாழைப்பழம்' என்பது 'வாளைப்பளம்' ஆகியிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிப்பதால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் 'பள்ளிக்கூடம்' ஒரு வரியில் 'பளிக்குடம்' என்றும், அடுத்த வரியிலேயே 'பள்ளிகூம்' என்றும் இருக்கிறது. 'கொடுத்தான்' என்பதில் துணைக்கால் விடுபட்டு, 'கெடுத்தான்' ஆகிவிட்டது. ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வேறு விதமாக எழுதுவதும், புள்ளியும் காலும் நிலையில்லாமல் விழுவதும், ஒலியை எழுத்தோடு இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமத்தால் வரக்கூடியவை. ஏட்டை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது. ஆனாலும் உங்கள் ஆசிரியர் சரியான திசையைத்தான் காட்டியிருக்கிறார். இதைச் சோம்பல் என்று யாராவது சொல்லியிருந்தால் அது அநியாயம்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பார்வைக் குறையோ செவித்திறன் குறையோ காரணமாக இருந்தால் வழியே வேறு. அடுத்து, உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரை, அதாவது மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரை, தலைமையாசிரியர் மூலம் அணுகுங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, அதாவது நம் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். மனநல மருத்துவத் துறை என்ற பலகையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இந்தச் சோதனைகளைச் செய்யும் மருத்துவ உளவியலாளர்கள் பெரும்பாலும் அத்துறையில்தான் இருப்பார்கள். தனியாரிடம் போவதானால், அவர் இத்துறையினரைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (RCI) பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; அரசுச் சலுகைகளுக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்றே தேவைப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மதிப்பீடு ஒரே அமர்வில் முடியாமலும் போகலாம். சிறு வயதில் எப்போது பேசத் தொடங்கினீர்கள், எந்த வகுப்பிலிருந்து சிரமம் என்றெல்லாம் கேட்பார்கள். ஆகவே அம்மாவோ அப்பாவோ உடன் வருவது நல்லது. பழைய மதிப்பெண் பட்டியல்களையும் பழைய ஏடுகளையும் எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நீங்கள் தமிழ்வழி மாணவர் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி, படிக்கும் சோதனையையும் எழுதும் சோதனையையும் தமிழில் வைக்கும்படி கேளுங்கள். ஆங்கிலப் பத்தியை மட்டும் கொடுத்துச் சோதித்தால், உங்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்பதுதான் தெரியவருமே தவிர, குறைபாடு தெரியவராது. தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இந்த வயதிலும் பயன் நிச்சயம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற உதவிகளுக்கு அந்தச் சட்டமே அடிப்படை. வினாத்தாளைப் படிப்பதிலேயே நேரம் போய்விடும் உங்களுக்கு, கூடுதலாகக் கிடைக்கும் நேரம் மதிப்பெண்ணையே மாற்றிவிடக்கூடும். மொழிப்பாட விலக்கும் உண்டு. ஆனால் தமிழ்த் தேர்வை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து. தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. நாளைக்கு அந்தப் பக்கம் போக நினைத்தால் பயிற்சி விட்டுப்போயிருக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களின் உடல்நலக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பும் சிறார் நலத் திட்டம் (RBSK) 18 வயது வரைதான். அந்த 2018 நெறிமுறையின்படி, 18 வயதில் மறுமதிப்பீடு செய்து தரப்பட்ட சான்று வாழ்நாள் முழுவதும் செல்லுபடியானது; இப்போதைய விதியை மருத்துவக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனவே இப்போது சான்று பெற்றாலும் 18 நிறைந்ததும் இன்னொரு முறை போய்வாருங்கள். பொதுத்தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் துறைக்குப் போக வேண்டும். சான்று கைக்கு வந்ததும் ஒரு நகலை அவரிடம் கொடுத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும் முன்பே விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லுங்கள்.