கேள்வி நேரம்: பழங்குடிப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பது எப்படி?

எங்கள் மலையில் ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்துவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள், 'கூட்டம் போட்டு அபராதம் வாங்கி முடித்துக்கொள்வோம்' என்கிறார்கள். மகளிர் குழுவில் இருக்கும் நாங்கள் என்ன செய்வது?
– ஜவ்வாது மலை வாசகி

இது பேசித் தீர்க்கிற குற்றம் இல்லை. சட்டம் அந்த வழியையே வைக்கவில்லை. ஊர் எத்தனை முறை கூடினாலும் நாள்தான் போகும், நாளோடு தடயமும் போகும்.

முதலில் ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையோ தனியாரோ, பணம் வாங்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும், எஃப்.ஐ.ஆர். கொண்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லும். அதை அந்தப் பெண்ணிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் திகைக்க விடாதீர்கள். குளிக்காமல் போவது நல்லது. குளித்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். அன்று உடுத்திய துணிகளைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைந்து பூஞ்சை பிடித்தால் தடயம் கெட்டுவிடும்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பத் தடை மாத்திரையையும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கேட்டு வாங்குங்கள். குமட்டல் வந்ததும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை நிறுத்திவிடுவதும், மறு தவணை வாங்க மலை இறங்க ஆள் இல்லாமல் போவதும்தான் வழக்கமாக நடக்கிற தவறு. 28 நாளும் மாத்திரை கையில் இருக்கிறதா என்று பார்க்கக் குழுவில் ஒருவரை நியமியுங்கள். 'இரு விரல் பரிசோதனை' (பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பது) செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் சொல்லியிருக்கிறது. யாராவது செய்ய வந்தால் மறுக்கலாம்.

சாதிச் சான்றிதழ் இல்லை, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது என்கிறார் எஸ்.ஐ. உண்மையா?
– இருளர் குடியிருப்பில் வேலை செய்யும் ஆசிரியர், செங்கல்பட்டு மாவட்டம்

இல்லை. சாதியை உறுதி செய்வது விசாரணையின் வேலை, அதற்காகப் புகாரை வாங்க மறுக்க முடியாது. வேறு எல்லை என்றாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. மட்டத்துக்குக் குறையாத அதிகாரி. வாங்க மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.-க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்பு உதவி எண் 14566-லும் சொல்லலாம்.

இருந்தாலும் சான்றிதழுக்கு இன்றே மனுப் போடுங்கள்; நிவாரணத்துக்கும் வழக்குக்கும் பின்னால் அது வேண்டும். பழங்குடிச் சான்றிதழ் தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். தகப்பன் வழி உறவில் யாருக்காவது சான்றிதழ் இருந்தால் நகலை இணையுங்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை என்று குடும்பம் ஊர் ஊராக அலைந்திருந்தால் ஆவணம் கிடைக்காமல் மனு மாதக்கணக்கில் தூங்கும்.

நிவாரணம் எவ்வளவு? கோர்ட்டுக்குப் போனால் கூலி போகிறதே?
– கல்வராயன் மலை வாசகர்

வன்கொடுமைத் தடுப்பு விதிகள்படி, 2016 திருத்தத்துக்குப் பின், பாலியல் வன்கொடுமைக்கு 5 லட்சம், கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு 8.25 லட்சம் ரூபாய். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு பாதி, குற்றப்பத்திரிகை போகும்போது கால், கீழ்க் கோர்ட்டில் வழக்கு முடியும்போது கால். வங்கிக் கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் மட்டும் இருக்கட்டும். கூட்டுக் கணக்கில் விழுந்த பணம் அவர் கைக்கு வராமலே போகலாம்.

கூலி விஷயம் பலருக்குத் தெரிவதே இல்லை. அதே விதிகளில் விதி 11-ஐக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். விசாரணைக்கும் வழக்குக்கும் போகிற நாட்களுக்குப் பயணச் செலவு உண்டு. விவசாயக் கூலியின் குறைந்தபட்ச அளவுக்குக் குறையாத தினப்படியும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பெண் என்பதால், அவர் விரும்பும் துணையாளுக்கும் செலவு கிடைக்கும். மூன்று நாளுக்குள் தர வேண்டும். பஸ் டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள். வக்கீலுக்குக் காசு கட்ட வேண்டாம்: பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம், எண் 15100.

வழக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். அதுவரை மனசு தாங்குமா?
– தருமபுரி வாசகி

உங்கள் மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தில் 1992 ஜூனில் வனத்துறையினரும் போலீசாரும் பழங்குடி மக்களைத் தாக்கி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில், 2011-ல்தான் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 31 வருஷம். தீர்ப்பு வந்தால்தான் மனசு ஆறும் என்று காத்திருக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். காகிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில், ஒரே ஆளிடம். வாய்தாவுக்குப் போகும் அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர். மூன்றாவது ஆள், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் 'என்ன நடந்தது' என்று கேட்பதைத் தடுக்க. திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது ஆறுதல் இல்லை, காயத்தைக் கீறுவது. தேன், கிழங்கு எடுக்கப் போகும்போது முன்போலவே கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் மறுநாளும் கூப்பிடுங்கள். ஊர்த் திருவிழாவில் ஒதுக்கி உட்காரவைக்காதீர்கள். 'கொஞ்ச நாள் வெளியூரில் இரு' என்று நல்ல எண்ணத்தில் அனுப்புவதும் பல நேரம் தண்டனையாகிவிடும். அவரே ஊரைவிட்டு ஒதுங்க விரும்பினால், பெண்கள் உதவி எண் 181-க்கு அழைத்து ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கலாம்.

தூக்கம் பல வாரம் வராமலே இருந்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, செத்துப்போகலாம் என்று பேசினாலோ, மந்திரிப்பதோடு நிறுத்தாமல் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். இலவசம்தான், தமிழில் பேசலாம். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குத் துணையாகப் போங்கள். பேசும்போது தள்ளி நில்லுங்கள்.

அந்தப் பெண்ணின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டு நியாயம் கேட்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

கூடாது. பெயரோ முகமோ அடையாளம் தெரிகிற எதுவோ வெளியே வந்தால், போட்டவருக்கு இரண்டு வருஷம் வரை சிறை. ஏற்கெனவே போட்டிருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.