மழைக்காலத்தில் வசன அட்டைகள் கெடாமல் இருக்க

சகோதரி, மியான்மரின் யாங்கோன் மருத்துவமனை நோயாளிகளுக்காக வாட்டர்கலரில் வரைந்த வேதாகம வசன அட்டைகளில் எழுத்து கசிகிறது, ஓரம் சுருள்கிறது, பூஞ்சைப் புள்ளி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். மூன்றையும் சரிசெய்யலாம்.

எழுத்து கசிவதற்குச் சாய மை காரணம், ஈரம் பட்டதும் அது கரையும். நீர்புகா நிறமி மைப்பேனா வாங்குங்கள். ஓவியம் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகே எழுதுங்கள். சுருளுவது மெல்லிய தாளால். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாள் போதும். ஏ4 தாளை வெட்டாமல், நாலு ஓரமும் டேப் ஒட்டி வரைந்து, காய்ந்ததும் நான்காக வெட்டுங்கள். ஏற்கெனவே சுருண்டவற்றின் பின்புறத்தை லேசாக ஈரப்படுத்தி, வெள்ளைத்தாள் இடையில் வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் இரவு முழுக்க விடுங்கள்.

பூஞ்சைக்குப் பயந்து லேமினேட் செய்யாதீர்கள். உள்ளே தங்கிய ஈரம்தான் அதை வளர்க்கும். மூடி இறுகிய டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள். வார்னிஷ் ஸ்ப்ரே மழை நாளில் அடித்தால் வெண்மையாகப் பூக்கும், வெயில் நாளுக்குக் காத்திருங்கள்.

வசனம் பற்றி: நோயாளிகளில் பெரும்பாலோர் பௌத்தர்கள். முன்பக்கம் ஓவியமும் பர்மிய மொழியில் நலம் விசாரிக்கும் ஒரு வரியும் போதும். கவலைகளைக் கடவுள்மேல் வைத்துவிடச் சொல்லும் 1 பேதுரு 5:7-ஐப் பின்பக்கம் சிறிதாக எழுதுங்கள், 1834-இல் மிஷனரி அடோனிராம் ஜட்சன் முடித்த பர்மிய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுக்கலாம். முதலில் செவிலியரிடம் அனுமதி, பிறகு நோயாளியிடம் விருப்பம் கேளுங்கள். வேண்டாமென்றால் வற்புறுத்தாமல் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வாருங்கள், அதுவும் ஊழியமே. இரு கைகளாலும் கொடுங்கள், கால்மாட்டில் வைக்காதீர்கள்.