'அவுட் ஃபார் டெலிவரி' என்று காட்டிவிட்டு, மாலையில் 'வீட்டில் ஆள் இல்லை' என்று போடுகிறார்கள். பார்சல் வந்தபாடில்லை. யாரிடம் கேட்பது?

உங்கள் ஊர்ப் பெயரில் தமிழ்நாட்டில் வேறொரு ஊர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. முழுப் பணமும் கட்டி போன் ஆர்டர் செய்ததாகவும், நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தும் ஆள் இல்லை என்று செய்தி வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. நீங்கள் சென்னை, கோவை மாதிரி ஊரில் இருந்தால் என் கதை பொருந்தாது. கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

நான் ஆர்.எம்.எஸ்ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிப்பில், இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது இருப்பது தென்காசி மாவட்டம் சிவகிரியில். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற சாலையில் வாசுதேவநல்லூருக்கு முன்னால் வரும். ஈரோடு மாவட்டத்தில், கொடுமுடி பக்கம், இன்னொரு சிவகிரி இருக்கிறது. தபால் பிரித்தவர்களுக்கு இந்த இரண்டு சிவகிரியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். நம்முடைய பின்கோடு 627-ல் தொடங்கும், அவர்களுடையது 638-ல்.

போன வருடம் எங்கள் மிக்ஸியின் சட்னி ஜார் அடியில் விரிசல் விட்டுவிட்டது. பழைய மாடல். ராஜபாளையத்தில் கடை கடையாகக் கேட்டுப் பார்த்தேன், 'இந்த மாடலுக்கு இப்ப ஜார் வர்றதில்லை அண்ணாச்சி, புது மிக்ஸியா எடுத்துருங்க' என்றார்கள். ஒரு ஜாருக்காக மிக்ஸியை மாற்ற மனசு வரவில்லை. சென்னையில் இருக்கும் மகன் ஆன்லைனில் தேடிப் பிடித்து எங்கள் முகவரிக்குப் போட்டுவிட்டான். ('லோக்கல் கடையில் வாங்க வேண்டியதுதானே' என்று கமென்ட் போட வருபவர்களுக்காகத்தான் இவ்வளவு விளக்கம்.)

பார்சல் ஓசூரில் கிளம்பியது, சேலம் வந்தது. அடுத்தது மதுரை என்று பார்த்தால் ஈரோடு என்று காட்டியது. எனக்கு அப்போதே உறுத்தியது. மகனுக்குப் போன் போட்டேன். "அப்பா, அவங்க ஹப் எங்கெங்கயோ இருக்கும். நீங்க ஆர்.எம்.எஸ். மூளையில யோசிக்காதீங்க" என்றான்.

அப்புறம் 'சிவகிரி மையத்துக்கு வந்து சேர்ந்தது' என்று செய்தி. மறுநாள் காலையில் 'அவுட் ஃபார் டெலிவரி'. அன்று நான் வாசல் திண்ணையை விட்டு நகரவில்லை, மத்தியானச் சாப்பாடு கூட அங்கேதான். மாலையில் போன் டிங் என்றது. 'நாங்கள் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை. நாளை மீண்டும் முயல்வோம்.' அதைச் சத்தமாகப் படித்தேன். வீட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப இங்க உக்காந்திருக்கது யாரு?" என்றாள்.

இதே கூத்து மறுநாளும். அதற்கடுத்து ஒரு தம்பி கூப்பிட்டார்.

"ஐயா, பார்சல் வந்திருக்குதுங்க. உங்க தெரு எங்கீங்க இருக்குது? ஊரு பூராக் கேட்டுட்டேன், அப்படி ஒரு தெருவே இல்லைங்கறாங்க."

அந்த 'எங்கீங்க'விலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தம்பி, நீங்க நிக்கிறது எந்தச் சிவகிரி?"

"கொடுமுடி பக்கமுங்க."

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒன்று மட்டும் கேட்டேன். தெருவே இல்லை என்று தெரிந்தும் ஏன் 'ஆள் இல்லை' என்று போட்டீர்கள்? ஒளிக்காமல் சொன்னார். போன் திரையில் சில காரணங்கள்தான் வருமாம், அதில் ஒன்றைத் தொட்டால்தான் அன்றைய கணக்கு முடியுமாம். 'முகவரி தவறு' என்று தொட்டால் மேலாளர் கூப்பிட்டு ஆயிரம் கேள்வி கேட்பாராம். 'ஆள் இல்லை' என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லையாம். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், பெட்ரோல் அவர் கைக்காசு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தத் திரையை வடிவமைத்தவனைத்தான் ஒருநாள் பார்க்க வேண்டும்.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மழை, பண்டிகை, லாரி பிரேக் டவுன், எல்லாம் நான் பார்த்ததுதான். ஆனால் நடக்காததை நடந்ததாக எழுதுவது வேறு. எங்கள் காலத்தில் ஒரு பதிவுத் தபால் பட்டுவாடா ஆகவில்லை என்றால் தபால்காரர் அதன்மேலேயே காரணத்தை எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். கதவு பூட்டியிருந்தது, விலாசதாரர் வாங்க மறுத்தார், ஊரைவிட்டுப் போய்விட்டார், இப்படி. பொய் எழுதினால் கையெழுத்து யாருடையது என்று தெரியும். பிரிக்கிற எங்களுக்கும் அப்படித்தான். கட்டின்மேல் உள்ள சீட்டைப் பார்த்தால் பிரித்தது எந்த செட் (எந்தக் குழு), எந்தத் தேதி என்று தெரிந்துவிடும். ஈரோட்டுக் கட்டில் தென்காசிக் கடிதம் போனால் விளக்கம் கேட்டு மெமோ வரும்.

உடனே 'தபால் துறை மட்டும் யோக்கியமா? எனக்கு இன்டர்வியூ கார்டு இன்டர்வியூ முடிந்து வந்தது' என்று ஒருவர் வருவார். வந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. தப்பு நடந்தால் இன்னார் என்று பிடிக்க ஓர் ஆள் இருந்தார் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. பின்கோடு எதற்காக வந்தது? நாடு முழுக்க ஒரே பெயரில் ஊர்கள், ஆளுக்கொரு மொழியில் விலாசம், இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று கொண்டுவந்தார்கள். முதல் எண் மண்டலம், 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். முதல் மூன்று எண்களைப் பார்த்தால் எந்த மாவட்டத்துப் பிரிப்பு என்று தெரிந்துவிடும். கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் தபால் நிலையம். பிரிக்கிறவனுக்கு ஊர்ப் பெயரே வேண்டாம், ஆறு எண் போதும். அரை நூற்றாண்டாக இருக்கிற இந்த ஏற்பாட்டை இந்தக் கம்பெனிகளும் ஆர்டர் வாங்கும்போது கேட்கின்றன. பின்கோடு போடாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. கேட்டு வாங்கிவிட்டு, கோடவுனில் ஒருவர் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பார்சலை வீசினால் என்ன அர்த்தம்?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2025-ல் பதிவுத் தபாலைத் தனிச் சேவையாக வைக்காமல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். செய்தித்தாளில் ஓரமாக வந்தது. வக்கீல் நோட்டீஸ், வேலை உத்தரவு, கோர்ட் சம்மன் எல்லாம் ரிஜிஸ்தரில் வந்த ஊர் இது. 'ரிஜிஸ்தர் வந்திருக்கு' என்றால் வீடே வாசலுக்கு வந்துவிடும். ஸ்பீட் போஸ்டிலும் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார்கள், சரி. ஆனால் அந்தத் தபாலைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கை மாற்றிவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு அது வெறும் கட்டண மாற்றம் இல்லை. பென்ஷனர் சங்கத்தில் இதைப் பேசினால் டி.ஏ. உயர்வைப் பற்றிப் பேச்சு மாறிவிடுகிறது. போகட்டும்.

கஸ்டமர் கேர் கதைக்கு வருகிறேன். சாட்டில் போனால் மனிதர் இல்லை, எந்திரம். 'பார்சல் இருப்பது ஈரோடு சிவகிரி, என் வீடு தென்காசி சிவகிரி' என்று தமிழிலும் தட்டினேன், ஆங்கிலத்திலும் தட்டினேன். 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், தயவுசெய்து உங்கள் முகவரியைச் சரிபார்க்கவும்' என்றது. கிணற்றில் போட்ட கல் மாதிரி ஆகிவிட்டது. போனில் ஒரு பெண் வந்தார், மரியாதையாகத்தான் பேசினார், அவருக்கு சிவகிரி எங்கே என்றே தெரியவில்லை. டிராக்கிங்கில் 'மூன்று முறை முயன்றோம்' என்று வருவதற்குள் பார்சல் ஓசூருக்கே திரும்பிவிடும் என்று எனக்குப் பயம்.

அப்போதுதான் 1915-க்குப் போட்டேன். மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஆர்டர் எண், பணம் கட்டிய தேதி, ஈரோடு என்று காட்டிய ஸ்கிரீன்ஷாட், எல்லாம் வாங்கிக்கொண்டு புகார் எண் கொடுத்தார்கள். இவர்கள் யாரையும் தண்டிக்க மாட்டார்கள், கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அதுவரை எந்திரமாக இருந்த கம்பெனியில் அதற்கப்புறம் ஒரு மனிதர் பேசினார். பார்சலை ஈரோட்டிலிருந்து மதுரைக்குத் திருப்பிவிட்டார்கள்.

ஜார் வந்தது. வீட்டுக்காரி பெட்டியைப் பிரிக்கக் கத்தி எடுத்து வந்தாள், 'இரு' என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பழக்கதோஷம், மேலே ஒட்டியதைப் படிக்காமல் பிரிக்க முடியாது. ஒன்றின்மேல் ஒன்றாக ஸ்டிக்கர்கள். நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தேன். அடியில் இருந்த முதல் ஸ்டிக்கரில் தென்காசி மாவட்டம், 627-ல் தொடங்கும் பின்கோடு, எல்லாம் கொட்டை எழுத்தில் சரியாக இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரில், அவசரக் கையெழுத்தில், ஆங்கிலத்தில் 'சிவகிரி - ஈரோடு' என்று எவரோ எழுதியிருந்தார்கள். மெஷினுக்கு வேலை வைக்காமல் அவரே பிரித்துவிட்டார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது.

சரி, உங்கள் விஷயம். டிராக்கிங் பக்கத்தில் கடைசியாகக் காட்டும் ஹப் எது என்று பாருங்கள். உங்கள் பின்கோட்டுக்குச் சம்பந்தமில்லாத மாவட்டமாக இருந்தால், உங்கள் ஊர் டெலிவரி பையனைத் துரத்தாதீர்கள், அவரிடம் உங்கள் பார்சலே இருக்காது. தினமும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அந்தப் பக்கத்தில் பழைய வரிகள் காணாமல் போவதுண்டு. கம்பெனியின் தளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் தொடர்பும் இருக்க வேண்டும் என்று 2020-ல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. சாட்டை விட்டுவிட்டு அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. சொன்ன தேதிக்கு மேல் தாமதமாக வந்த பொருளை நீங்கள் வேண்டாம் என்றால் விற்றவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. வெள்ளம் மாதிரி யார் கையிலும் இல்லாத காரணம் என்றால் மட்டும் விலக்கு.

அடுத்த ஆர்டரிலிருந்து ஊர்ப் பெயரோடு 'வழி' சேர்த்து எழுதுங்கள். நான் இப்போது 'சிவகிரி, வாசுதேவநல்லூர் வழி' என்றுதான் போடுகிறேன்.

எதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். சட்னி ஜாருக்காக நான் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். உங்களுடையது போன் என்கிறீர்கள், விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் 1915.