பெட்டிக்குள் வராத வேலை

அன்புள்ள ஐயா,

நான் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில், நார்த்தாம்ப்டனுக்கு அருகே வசிக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். இங்குள்ள ஒரு சிறு ஆர்கானிக் பண்ணையில் மார்ச் மாதமே பணம் கட்டி, வாரம் ஒரு பெட்டி காய்கறி என்று, அவ்வாண்டு விளைச்சலில் பங்கு எடுத்தேன். ஆகஸ்ட் வரை வாரப்பெட்டி நிறைந்து வந்தது. பிறகு விழுந்த உறைபனியில் தக்காளியும் மிளகாயும் கருகிவிட்டன என்றார்கள். இப்போது கேல் கீரை, டர்னிப், பரங்கிக்காய், இரண்டே இரண்டு பூண்டு. இந்தியக் கடையில் இதைவிடக் குறைந்த செலவில் வெண்டையும் முருங்கையும் கிடைக்கின்றன. பண்ணைக்கு ஆர்கானிக் சான்றிதழ் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. போதாததற்கு, சனிக்கிழமை பூண்டு நட வரச்சொல்லி உறுப்பினர்களுக்கு அழைப்பு. பணமும் கொடுத்து, நஷ்டத்தையும் ஏற்று, வேலையும் செய்ய வேண்டுமா? விலகிவிடலாம் என்றிருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

விளைச்சல் பொய்க்கும்போது அந்த இழப்பு கடைசியில் யார் வீட்டில் போய் இறங்குகிறது என்பதைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்ததால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுகிறேன்.

சான்றிதழைப் பற்றி அவர்களிடமே கேளுங்கள். ஆண்டு விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் சான்றிதழ் பெறாமல் ஆர்கானிக் என்று சொல்லி விற்க அமெரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை, ஆகவே ஒரே கேள்வியில் அது தீர்ந்துவிடும். அக்டோபர் மாத மாசசூசெட்ஸில் வெண்டைக்காய்க்கு ஏங்குவதைப் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. கேல் கீரை உறைபனி பட்ட பிறகுதான் இனிக்கும், குளிரைத் தாங்கச் செடி தன் இலையில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால். பருப்பு போட்டுக் கடைந்து பாருங்கள்.

நஷ்டத்தை ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்விதான் எனக்குக் கோபமூட்டியது. இந்தப் பங்கு முறை அமெரிக்காவில் உங்கள் மாநிலத்திலேயே, பெர்க்ஷயர் மலைப்பகுதியின் சவுத் எக்ரிமாண்டில், ராபின் வான் என்னின் இந்தியன் லைன் பண்ணையில், 1985ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பங்குகளுடன் தொடங்கி, மறு ஆண்டு காய்கறிக்கு வந்தது. அதே 1986இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை இன்னும் ஒருபடி மேலே போனது: அங்கே பண்ணையின் ஆண்டுச் செலவு உறுப்பினர்கள் முன் வைக்கப்படும், அவரவர் தம்மால் இயன்றதைச் சொல்லி அந்தத் தொகையை நிரப்புவார்கள். காய்க்கு விலை என்ற பேச்சே அதில் இல்லை. நீங்கள் மார்ச்சில் கொடுத்ததும் காய்க்கான விலை அன்று. விதையும் நாற்றங்கால் கூடாரத்துக்கு எரிபொருளும் வாங்க வேண்டிய மாதத்தில், வங்கிக் கடன் இல்லாமல் ஒருவர் உழத் தொடங்குவதற்கான பணம் அது. அதைப் பெட்டிக் கணக்காக்கி, இந்தியக் கடையின் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள்.

என் அப்பா காவிரிக் கடைமடையில் சம்பா சாகுபடி செய்தவர். ஆவணியில் நகையை அடகு வைத்து விதை விடுவதும் தையில் அறுத்து மீட்பதும் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நடப்பவை. ஓராண்டு அறுவடைக்கு ஆள் சொல்லியிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்து தண்ணீரில் கிடந்த கதிர் ஒன்றை அப்பா எடுத்து என் கையில் வைத்தார். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் நகக்கண் அளவுக்கு வெள்ளையாய் முளை விட்டிருந்தது. அந்த நகைகள் மூழ்கிப்போயின. டவுனில் அரிசி சாப்பிட்டவர்கள் யாருக்கும் அது தெரியாது, தெரிந்திருந்தாலும் அவர்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அப்பாவையும் அவர்களையும் இணைத்தது வியாபாரியின் தராசு மட்டுமே. நீங்களும் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்தானே, உங்கள் வீட்டிலும் ஓர் அடகுச் சீட்டு இருந்திருக்காதா? 2023 ஜூலையில் உங்கள் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வயல்களுக்குள் புகுந்தது. வெள்ளநீர் பட்ட காய், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மனிதர் உண்ண விற்கத் தகாதது. எடைபோட்டு விற்பவருக்கு அன்று கையில் ஒன்றுமில்லை. பங்குப் பணம் முன்பே வாங்கியவருக்கு, தண்ணீர் வடிந்ததும் இலையுதிர் காலப் பயிரை விதைக்கவாவது வழி இருந்திருக்கும். என் அப்பாவுக்கு அப்படி முப்பது வீடுகள் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத ஆண்டில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பண்ணையில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த ஆண்டின் பெட்டிக்கு வரவே வராது. காய் எடுத்த பாத்திகளில் ரை தானியத்தை விதைத்துவிடுவார்கள். அதை யாரும் அறுத்து உண்ணப்போவதில்லை, பனி உருகும்போது மண் அரித்துப் போகாமல் வேரால் பிடித்து வைத்து, வசந்தத்தில் மடக்கி உழப்பட்டு உரமாவதற்காகவே அது வளர்கிறது. விதைக்கும் பணம், விதைப்பதற்கும் கூலி. பூண்டும் அப்படித்தான். பெரிய பூண்டுகளை விதைக்கு ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் பங்கிடுவார்கள், ஆகவே உங்களுக்கு இரண்டு. ஒதுக்கியதைப் பல் பல்லாகப் பிரித்து, தோல் உரியாமல், வேர்ப்பக்கம் கீழும் கூர்முனை மேலுமாக இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, மேலே வைக்கோலைத் தடிமனாகப் பரப்பவேண்டும். தலைகீழாக ஊன்றினால் முளை வளைந்து வரும், பூண்டு சிறுக்கும். நிலம் உறைவதற்குள் வேர் பிடித்து, பனிக்காலம் முழுவதும் கிடந்து, அடுத்த ஜூலையில் அது அறுவடைக்கு வரும். ஆயிரக்கணக்கான பற்களை இரண்டு பேர் குனிந்து ஊன்றி முடிப்பதற்குள் இடுப்பு போய்விடும் என்பதால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். முழங்காலிட உதவும் பழைய மெத்தைத் துண்டு ஒன்றை எடுத்துப் போங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போகலாம், பல் பிரிக்கச் சின்ன விரல்கள் நல்லது.

விலகுவது உங்கள் விருப்பம், அதற்கு என் அனுமதி தேவையில்லை. விலகுவதானால் மார்ச் வரை இழுக்காமல் இந்தச் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள். எத்தனை பங்கு நிற்கும் என்று தெரிந்தால்தான் அவர்கள் பனிக்காலத்தில் உட்கார்ந்து விதைக்கு எழுத முடியும்.